வீல் இடுக்கில் டார்ச் அடித்துப் பார்த்தால் போதுமா? – முன் டிஸ்க் பிரேக் சோதனை

6 ஜூலை 2024, மாலை – இழையைத் தொடங்கிய கேள்வி

சேலத்தில் இருக்கிறேன். கார் 9 வருடப் பழசு, 71,000 கி.மீ. ஓடியிருக்கிறது. அடுத்த மாதம் குடும்பத்தோடு வால்பாறை போகிறோம். முன் பிரேக்கை நானே பார்த்துவிட்டேன். அலாய் வீல் இடுக்கில் டார்ச் அடித்தால் பேட், அதாவது வீலோடு சுற்றும் டிஸ்க் தகட்டை அழுத்திப் பிடிக்கும் பட்டை, நன்றாகத் தெரிகிறது. இரண்டு பக்கமும் 6, 7 மி.மீ. இருக்கும். டிஸ்க் பளபளவென்று இருக்கிறது. சத்தம் எதுவும் இல்லை. ஒர்க்‌ஷாப்பில் வீலைக் கழற்றி, காலிப்பரை (பேட்களை டிஸ்க்கோடு அழுத்தும் பிடி) திறந்து பார்க்க வேண்டும் என்கிறார்கள். காசு பிடுங்கும் வேலைதானே இது?

6 ஜூலை, இரவு 10.40

இல்லை. கழற்றிப் பாருங்கள்.

நீங்கள் பார்த்தது வெளிப்பக்கப் பேட். வீல் இடுக்கில் கண்ணுக்கு அகப்படுவது அது ஒன்றுதான். டிஸ்க்கின் மறுபக்கம், எஞ்சினைப் பார்த்தபடி இன்னொரு பேட் இருக்கிறது. நம் ஊர்ச் சின்னக் கார்களில் பெரும்பாலும் பிஸ்டன் அந்த உள்பக்கத்தில் மட்டும்தான். பெடலை மிதித்தால் பிஸ்டன் முதலில் உள் பேட்டைத் தள்ளும். அப்புறம் காலிப்பர் முழுவதும் இரண்டு பின்களின் மேல் வழுக்கி உள்ளே நகர்ந்து வெளிப் பேட்டை இழுத்து அழுத்தும். அந்த வழுக்கல் நின்றுபோனால் வேலை முழுவதும் உள் பேட்டின் தலையில் விழும். வெளிப் பேட் புதிதுபோல உட்கார்ந்திருக்கும். டார்ச் வெளிச்சத்தில் உங்களுக்குத் தெரிவது அந்தப் புதுசுதான்.

எனக்கு இது நடந்தது. நாளை விரிவாக எழுதுகிறேன்.

7 ஜூலை, காலை 6.15

தூத்துக்குடி. 2014 மாடல் ஹேட்ச்பேக்.

2023 டிசம்பர் 17, 18 மழையை இந்தப் பக்கத்து ஆள் யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பெய்தது. எங்கள் தெருவில் தண்ணீர் நான்கு நாள் வடியவில்லை. கார் நின்ற இடத்தில் வீலில் பாதி உயரம். சீட்டுக்குக் கீழே வரை ஈரம். நல்லவேளை எஞ்சினுக்குள் போகவில்லை. வடிந்த பிறகு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். கார்ப்பெட்டைக் கழற்றிக் காயவைத்தார்கள், கியர் ஆயில் மாற்றினார்கள், வயரிங் பார்த்தார்கள். பிரேக்கை? "ஓட்டிப் பார்த்தோம் சார், நல்லா பிடிக்குது" என்றார்கள். நானும் ஓட்டிப் பார்த்தேன். உண்மையாகவே நன்றாகத்தான் பிடித்தது.

மே மாதம் திருநெல்வேலி போய்விட்டு வந்து வீட்டு வாசலில் இறங்கியபோது இடது முன் வீல் பக்கம் ஒரு வாடை. கிளட்ச் கருகும் வாடை என்றுதான் முதலில் நினைத்தேன். கிட்டே போனால் அந்த வீலிலிருந்து அனல் அடிக்கிறது. வலது வீல் வெறும் வெதுவெதுப்பு. டார்ச் அடித்துப் பார்த்தேன். பேட் 7 மி.மீ. இருந்தது. நீங்கள் சொன்ன அதே கணக்கு. சரி, ஒன்றுமில்லை என்று உள்ளே போய்விட்டேன்.

மறுநாள் ஞாயிறு. மனசு கேட்கவில்லை, கழற்றினேன். இடது வெளிப் பேட் 7 மி.மீ. உள் பேட் 1.5 மி.மீ. புதிதில் 10 மி.மீ. இருந்த பேட், போட்டு 8,000 கி.மீ. கூட ஆகவில்லை. இன்னும் இரண்டு வாரம் விட்டிருந்தால் இரும்பு இரும்பைத் தேய்த்திருக்கும்.

சத்தம் வரவில்லையா என்று கேட்பீர்கள். வரவில்லை. பேட் தேய்ந்ததும் டிஸ்க்கில் உரசிக் கீச்சிடுவதற்கென்றே ஒரு சின்னத் தகட்டு நாக்கு உண்டு. என் காரில் அது உள் பேட்டில் இருக்க வேண்டும். பேட் மாற்றிய கடையில் நாக்குள்ள பேட்டை வெளியிலும், நாக்கில்லாததை உள்ளேயும் போட்டிருக்கிறார்கள். கத்த வேண்டிய பேட் கத்தும் அளவுக்குத் தேயவே இல்லை. தேய்ந்த பேட்டுக்கு வாய் இல்லை. எந்தக் கடை என்பது இங்கே முக்கியமில்லை. பேட் மாற்றும்போது பக்கத்தில் நின்று இதை மட்டும் பாருங்கள்: நாக்குள்ள பேட் எந்தப் பக்கம் என்று கையேட்டில் படம் இருக்கும்.

7 ஜூலை, மதியம்

மேலே ஒருவர் "ஸ்டெப்னி மாற்றும் ஜாக்கி போதுமா" என்று கேட்டிருக்கிறார். தூக்குவதற்குப் போதும். தூக்கிய பிறகு கார் அதன் மேல் நிற்கக் கூடாது. ஸ்டாண்டு வையுங்கள். கியரில் போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்து, பின் வீல் இரண்டுக்கும் கல் கொடுங்கள். கழற்றிய வீலைப் படுக்கவைத்துக் காரின் ஓரச் சட்டத்துக்குக் கீழே தள்ளிவிடுங்கள். ஜாக்கி சரிந்தாலும் கார் வீலின் மேல் உட்காரும், உங்கள் மேல் உட்காராது. இதில் சமரசம் வேண்டாம்.

9 ஜூலை

முந்தாநாள் எழுதியதில் ஒன்றைத் திருத்த வேண்டும். "பின் வழுக்கவில்லை, அதனால் உள் பேட் தேய்ந்தது" என்ற தொனியில் எழுதிவிட்டேன். மே மாதம் நானும் அப்படித்தான் நம்பினேன். பின்களை உருவித் துடைத்து, கிரீஸ் போட்டு மாட்டினேன். புதுப் பேட் போட்டேன். பத்து நாளில் மறுபடி அதே வீலில் அனல்.

எங்கள் பக்கத்தில் லாரி வேலை பார்த்து ஓய்ந்த மெக்கானிக் அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். அவரிடம் போய்ச் சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "பேட கையால தள்ளிப் பாத்தியளா?"

பார்க்கவில்லை. சுத்தியலால் தட்டி உள்ளே ஏற்றியிருந்தேன். புதுப் பேட் என்றால் இறுக்கமாகத்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

பேட்டின் இரண்டு முனையிலும் காது மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். அந்தக் காதுகள், காலிப்பரையும் பேட்டையும் தாங்கும் பிராக்கெட்டில் உள்ள பள்ளத்தில் உட்கார்ந்து முன்னும் பின்னும் ஓட வேண்டும். பள்ளத்தில் மெல்லிய ஸ்டெயின்லெஸ் கிளிப் செருகியிருக்கும். கிளிப் துருப்பிடிக்காது, ஆனால் அதன் அடியில் இருக்கும் பிராக்கெட் வார்ப்பிரும்பு. அதில் துரு ஏறும். துரு என்பது இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும் பொருள். அடியில் பொருக்குப் பொருக்காக வளர்ந்து கிளிப்பை மேலே தூக்கிவிடும். பள்ளம் குறுகும், பேட்டின் காது சிக்கிக்கொள்ளும். பிஸ்டன் தள்ளினால் பேட் போய் டிஸ்க்கைப் பிடிக்கும், விட்டால் திரும்பாது. உரசிக்கொண்டே ஓடும். கிளிப்பை மேலாகப் பார்த்தால் பளிச்சென்று சுத்தமாக இருக்கும், அதுதான் ஏமாற்றும்.

அண்ணாச்சி கிளிப்பை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி எடுத்தார். அடியிலிருந்து முறுக்குத் தூள் மாதிரி செந்தூள் கொட்டியது. நான்கு நாள் தண்ணீரும் இந்த ஊர் உப்புக் காற்றும் சேர்ந்து செய்த வேலை. ஒயர் பிரஷ், அப்புறம் தட்டை அரம், கடைசியில் உப்புத்தாள். இரும்பு சாம்பல் நிறத்தில் தெரியும்வரை தேய்த்தார். அரத்தை ஓட்டும்போது துருவை மட்டும் எடுத்தார், இரும்பைத் தொடவில்லை. பள்ளம் பெரிதானால் பேட் கடகடவென்று ஆடும். புதுக் கிளிப் செட் போட்டோம். பேட்டை இரண்டு விரலால் தள்ளினால் ஓடியது. நிமிர்த்திப் பிடித்தபோது தானாக விழவில்லை, ஆடவில்லை. அந்த அளவுதான் சரி.

சேலம் நண்பருக்கு: வீலைக் கழற்றியதும் முதல் சோதனை இதுதான். தடிமனை அப்புறம் அளந்துகொள்ளலாம். பேட்டைக் கையால் அசைத்துப் பாருங்கள்.

9 ஜூலை, இரவு

எழுத விட்டுப்போனது. காலிப்பரைக் கழற்றினால் அதற்குப் பிரேக் ஆயில் கொண்டுவரும் ரப்பர் ஹோஸில் தொங்கவிடாதீர்கள். கட்டுக்கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டிவிடுங்கள். கீழ் பின் போல்ட்டை மட்டும் எடுத்துக் காலிப்பரை மேலே மடக்கினாலே பல கார்களில் பேட் வெளியே வந்துவிடும். பிராக்கெட் பள்ளத்தைச் சுத்தம் செய்வதானால் முழுவதும் கழற்றுவதே நல்லது.

போல்ட் தளர்த்தும்போது பின்னும் சேர்ந்து சுற்றினால், பின்னின் தட்டைப் பகுதியை மெல்லிய ஸ்பேனரால் பிடித்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் பின்னின் ரப்பர் மூடியான பூட் முறுக்கிக் கிழியும்.

13 ஜூலை

டிஸ்க் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். பளபளப்பு எதையும் சொல்லாது. சொல்லப்போனால் நன்றாகத் தேய்ந்த டிஸ்க்தான் மிகவும் பளபளக்கும். குறைந்தபட்சத் தடிமன் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும், விளிம்பிலோ நடுவில் உள்ள தொப்பிப் பகுதியிலோ. துருவைத் துடைத்தால் தெரியும். என்னுடையதில் 16 மி.மீ.

வெர்னியர் (இரு தாடைக்கு நடுவே பிடித்துத் தடிமன் அளக்கும் கருவி) வைத்து அளந்தேன். 17.4 வந்தது. இன்னும் நிறைய இருக்கிறது என்று நிம்மதியானேன். அது தவறு. பேட் தொடாத வெளி விளிம்பு தேயாமல் வரப்பு மாதிரி உயர்ந்து நிற்கும், மேலே துருவும் சேரும். வெர்னியரின் தாடைகள் அந்த வரப்பின் மேல்தான் உட்காருகின்றன. நான் அளந்தது வரப்பை.

வழி உண்டு. ஒரே மாதிரி இரண்டு நாணயங்களை எடுத்து, டிஸ்க்கின் இரு பக்கமும், வரப்புக்கு உள்ளே பேட் ஓடும் தடத்தில் வைத்துச் சேர்த்து அளங்கள். நாணயங்களின் தடிமனைக் கழித்துவிடுங்கள். எனக்கு 16.3 வந்தது. 17.4 எங்கே, 16.3 எங்கே. இன்னும் 0.3 மி.மீ.தான் பாக்கி. அடுத்த பேட் போடும்போது டிஸ்க்கும் சேர்த்து மாற்றுவது என்று முடிவு.

14 ஜூலை

நேற்றைய நாணயக் கணக்குக்கு ஒருவர் மறுப்புச் சொல்லியிருக்கிறார், சரியான மறுப்பு. நாணயத்துக்கு அகலம் அதிகம், கொஞ்சம் நகர்ந்தாலும் வரப்பில் ஏறிவிடும். 3 மி.மீ. டிரில் பிட் இரண்டு எடுத்து அவற்றின் மொழுக்கையான பின்பகுதியை வைத்தால் துல்லியமாக வரும் என்கிறார். செய்து பார்த்தேன். 16.25. அதைவிட நல்லது, தெரிந்த லேத் பட்டறையில் மைக்ரோமீட்டர் (வெர்னியரைவிட நுணுக்கமாக அளக்கும் கருவி) இருந்தால் வாங்கி அளப்பது. ஒரே இடத்தில் மட்டும் அளக்காதீர்கள். சுற்றிலும் ஆறு, எட்டு இடத்தில் அளந்து எழுதிவையுங்கள். காரணம் பின்னால் சொல்கிறேன்.

21 ஜூலை

கிரீஸ் விஷயம். இதில் நான் செய்த தவறு இன்னொருவருக்கு வரக் கூடாது.

மே மாதம் முதல் தடவை பின்னைத் துடைத்துப் போட்டபோது வீட்டில் இருந்த சாதாரண கிரீஸைத் தடவினேன், வீல் பேரிங்குக்குப் போடுவது. என் காரில் மேல் பின்னின் நுனியில் ஒரு ரப்பர் உறை உண்டு. கீழ் பின்னில் கிடையாது. ஜூன் கடைசியில் பின்னை உருவிப் பார்த்தால் அந்த ரப்பர் உறை உப்பி, விரலால் தொட்டால் கொழகொழவென்று இருக்கிறது. துளைக்குள் பின் நகரவே மறுக்கிறது. பிரேக்கில் வரும் ரப்பருக்குப் பெட்ரோலிய எண்ணெய் ஆகாது. குடித்து உப்பிவிடும். சிலிகான் கிரீஸ், அல்லது காலிப்பர் பின்னுக்கு என்றே விற்கும் கிரீஸ்தான் போட வேண்டும். ஒரு சின்ன டியூப் பல வருடம் வரும்.

நிறையவும் போடக் கூடாது. துளை அடியில் கிரீஸ் நிரம்பினால் பின்னை உள்ளே தள்ளும்போது காற்றுக்குப் போக்கிடம் இருக்காது, பின் துள்ளித் திரும்பி வரும். மெல்லிய பூச்சுப் போதும். தள்ளியபின் ரப்பர் பூட்டின் உதட்டை லேசாக நெம்பி உள்ளே சிக்கிய காற்றை விடுங்கள்.

மேல் பின், கீழ் பின் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டுவிடாதீர்கள். கழற்றும் முன் போன் கேமராவில் ஒரு படம் எடுத்துக்கொண்டால் இந்தச் சந்தேகமே வராது.

இன்னொன்று. பேட்டின் காதுகளில் கிரீஸ் தேவையா என்று கேட்டவருக்கு: கையேடு சொன்னால் மட்டும், அது சொல்லும் சூடு தாங்கும் பேஸ்ட்டை நகத்தளவு. எங்கள் ஊர்க் காற்றில் மணல் இருக்கிறது. கிரீஸ் இருந்தால் மணல் ஒட்டும். நான் உலர்வாகத்தான் விட்டிருக்கிறேன்.

28 ஜூலை

சேலம் நண்பர் வீலைக் கழற்றிப் படம் போட்டிருக்கிறார். வலது பக்கம் நன்றாக இருக்கிறது. இடது உள் பேட் சாய்வாகத் தேய்ந்திருக்கிறது, மேல் முனை 5, கீழ் முனை 2.5. அவர் "பரவாயில்லைதானே, சராசரி 4 வருதே" என்று கேட்கிறார்.

சராசரி பார்க்கக் கூடாது. மிகக் குறைவாக உள்ள இடம் எதுவோ அதுதான் அந்தப் பேட்டின் தடிமன். பேட் சாய்வாகத் தேய்ந்தால் ஒரு பின்னோ, ஒரு காதோ சிக்கியிருக்கிறது என்று அர்த்தம். அந்தக் காரணத்தைச் சரிசெய்யாமல் புதுப் பேட் போட்டால் அதுவும் சாய்வாகத்தான் தேயும். பேட் மாற்றும்போது அச்சின் இரு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பிரேக் பிடிக்கும்போது கார் ஒரு பக்கம் இழுக்கும்.

படத்தில் எனக்கு வேறொன்றும் தெரிந்தது. பிராக்கெட் போல்ட் ஒன்றின் தலை முழுக்க வட்டமாகியிருக்கிறது. யாரோ அளவு பொருந்தாத ஸ்பேனரைப் போட்டுத் திருகியிருக்கிறார்கள். காலிப்பர், பேட் எல்லாவற்றையும் பிடித்து நிற்பது அந்த இரண்டு போல்ட்தான். அதைக் கட்டாயம் புதிதாக மாற்றுங்கள். பின் போல்ட்டைவிட பிராக்கெட் போல்ட்டுக்குப் பல மடங்கு இறுக்கம் தேவை. கைக் கணக்கில் விடாமல் கையேட்டு எண்ணுக்கு டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) வைத்து இறுக்குங்கள். பக்கத்துக் கடையில் கேட்டால் ஐந்து நிமிடத்துக்குத் தருவார்கள்.

28 ஜூலை, இரவு – அவசரமாக

பிஸ்டனை உள்ளே தள்ளும் முன் பானெட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவைப் பாருங்கள். நிரம்பியிருந்தால் கொஞ்சம் உறிஞ்சி எடுங்கள், வழிந்தால் பெயின்ட் போய்விடும். பட்டுவிட்டால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

எல்லாம் மாட்டியபின், எஞ்சினை ஸ்டார்ட் செய்து வண்டியை நகர்த்தும் முன், பெடல் கெட்டியாகும்வரை பலமுறை மிதியுங்கள். பிஸ்டன் பின்னால் போயிருக்கும். முதல் மிதியில் பெடல் தரையைத் தொடும், பிரேக் இருக்காது. என் சித்தப்பா மகன் இதை மறந்து ரிவர்ஸ் எடுத்துக் காம்பவுண்டுச் சுவரை இடித்தான். சுவர் போனது, ஆள் யாரும் பின்னால் நிற்கவில்லை.

4 ஆகஸ்ட்

கழற்றாமல் தெரிந்துகொள்ள வழியே இல்லையா என்று இரண்டு பேர். ஒரு வழி இருக்கிறது: சூடு. தெரிந்த சாலையில், அதிகம் பிரேக் போடாமல் 10, 12 கி.மீ. ஓட்டிவிட்டு நிறுத்தி, இடது, வலது டிஸ்க்கைத் தொடாமல் வெப்பம் அளக்கும் துப்பாக்கி வடிவக் கருவியால் அளந்து ஒப்பிடுங்கள். என் காரில் மே மாதம் இடது 148, வலது 96 டிகிரி. கிளிப் மாற்றியபின் 92, 95.

கொரோனா காலத்தில் வாங்கிய நெற்றிச் சூடு பார்க்கும் கருவி இதற்கு உதவாது, அது உடல் சூட்டு அளவுக்குள் மட்டும்தான் காட்டும். தொழிற்சாலைகளில் பயன்படும் வகை வேண்டும்.

அந்தக் கருவியையும் முழுதாக நம்பாதீர்கள். பளபளப்பான உலோகத்தில் அது உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். எண் முக்கியமில்லை, இரு பக்கமும் ஒரே மாதிரி இடத்தில், ஒரே தூரத்தில் வைத்து அளந்த வித்தியாசம்தான் முக்கியம். கருவி இல்லையென்றால் புறங்கையை வீல் பக்கத்தில் கொண்டுபோனாலே வித்தியாசம் தெரியும். டிஸ்க்கைத் தொட்டுவிடாதீர்கள்.

இந்தச் சோதனைக்கு ஒரு ஓட்டையும் உண்டு. இரண்டு பக்கமும் ஒரே அளவுக்குச் சிக்கியிருந்தால் வித்தியாசம் வராது. வெள்ளத்தில் நின்ற காருக்கு இரண்டு பக்கமும் ஒரே நோய் வரலாம். ஆகவே கழற்றுவதற்கு மாற்று இல்லை.

5 ஆகஸ்ட்

சேலம் நண்பர்: கிளிப் மாற்றி, பின் சுத்தம் செய்து, இரு பக்கமும் புதுப் பேட் போட்டும் இடது வீல் கையால் சுற்றினால் கனமாக இருக்கிறதாம்.

இதைச் செய்யுங்கள். யாரையாவது பெடலை மிதித்து விடச் சொல்லுங்கள். வீலைச் சுற்றிப் பாருங்கள், கனம். இப்போது காலிப்பரின் பிளீட் நிப்பிளை (ஆயிலையும் காற்றையும் வெளியேற்றும் சின்னத் திருகு) கால் சுற்றுத் தளர்த்துங்கள். கொஞ்சம் ஆயில் பீய்ச்சும். வீல் சட்டென்று லேசாகிவிட்டால் பேட்டிலோ பின்னிலோ பழுது இல்லை, அழுத்தம் திரும்பி வராமல் குழாயில் நிற்கிறது. பழைய ரப்பர் ஹோஸ் உள்ளே சிதைந்தால் அப்படி ஆகும்: போகும்போது விடும், திரும்பும்போது அடைக்கும். வெளியே பார்த்தால் முழுசாக இருக்கும். நிப்பிளைத் தளர்த்தியும் கனம் குறையவில்லை என்றால் பிஸ்டனோ பேட்டோ சிக்கியிருக்கிறது. பிஸ்டனைச் சுற்றித் தூசி தடுக்கும் ரப்பர் பூட் கிழிந்திருக்கிறதா பாருங்கள். கிழிந்த வழியாகத் தண்ணீர் போய்ப் பிஸ்டன் துருவேறியிருக்கும்.

6 ஆகஸ்ட்

ஹோஸ்தான்! தளர்த்தியதும் வீல் காற்றாடி மாதிரி சுற்றியது என்கிறார். இரு பக்க ஹோஸும் மாற்றுகிறார். மாற்றும்போது காலிப்பரில் இணையும் போல்ட்டின் செப்பு வாஷர் இரண்டையும் புதிதாகப் போடச் சொல்லியிருக்கிறேன். பழசு ஏற்கெனவே நசுங்கி உட்கார்ந்தது, மறுபடி அடைக்காது.

மனசுக்கு நிறைவாக இருக்கிறது. ஒரு மாதத்துக்கு முன்னால் "சத்தம் இல்லை, பளபளவென்று இருக்கிறது" என்று வால்பாறையின் நாற்பது கொண்டை ஊசி வளைவுக்குக் கிளம்பவிருந்த கார் இது.

7 ஆகஸ்ட்

பிரேக் ஆயில். ஹோஸ் மாற்றினால் எப்படியும் குழாயில் புகுந்த காற்றை எடுக்க வேண்டும். அதோடு முழு ஆயிலையும் மாற்றிவிடுங்கள். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் என்பது பிரேக் ஆயிலின் தர வகை. டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி. ஈரம் ஏறியபின் தர அளவு 155தான். டாட் 3 என்றால் 205, ஈரம் ஏறினால் 140. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று பொதுவாகச் சொல்வது இதனால்தான். டாட் 5 என்று கடையில் கொடுத்தால் வாங்காதீர்கள். அது சிலிகான், இவற்றோடு சேராது. 5.1 வேறு, அது சேரும்.

மலையிறக்கத்தில் இது ஏன் முக்கியம் என்று ஒரு சின்னக் கணக்கு. ஆட்களோடு 1,000 கிலோ உள்ள கார் 800 மீட்டர் உயரம் இறங்குகிறது என்று வையுங்கள். அந்த உயரத்தில் சேர்ந்த ஆற்றல் 78 லட்சம் ஜூல். 25 லிட்டர் தண்ணீரை, அதாவது பெரிய குடம் இரண்டை, கொதிக்கவைக்கப் போதும். எஞ்சினும் டயரும் காற்றும் அதில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். நியூட்ரலில் இறங்கினால் ஏறக்குறைய முழுவதும் பிரேக்கில்தான் விழும். பின்பக்கத்தைவிட முன் டிஸ்க் இரண்டுக்கும்தான் அதில் பெரும்பங்கு. ஆயில் கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழி. ஆவி நசுங்கும், ஆயில் நசுங்காது. பெடல் பஞ்சு மாதிரி அடியில் போய்விடும்.

ஏறிய கியரிலேயே இறங்குங்கள். பெரும்பாலும் இரண்டாவது.

19 ஆகஸ்ட்

நண்பர் போய்விட்டு நல்லபடியாக வந்துவிட்டார். ஆழியாறிலிருந்து ஏறும்போது 9-ஆவது வளைவில் வண்டியை நிறுத்தி அணையைப் பார்த்தார்களாம், வரையாடு இரண்டு சாலையோரத்திலேயே நின்றதாம். இறங்கி வந்ததும் அடிவாரத்தில் நிறுத்திப் புறங்கைச் சோதனை செய்திருக்கிறார். இரு பக்கமும் ஒரே சூடு.

2 நவம்பர்

புதுக் கேள்வி, வேறொருவர்: 80 கி.மீ. வேகத்தில் பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் ஆடுகிறது. டிஸ்க் வளைந்துவிட்டது, லேத்தில் சீவ வேண்டும் என்கிறார்களாம்.

வார்ப்பிரும்பு அவ்வளவு எளிதில் வளைவதில்லை. பெரும்பாலும் தடிமன் ஒரே சீராக இல்லாமல் போயிருக்கும். சுற்றிலும் எட்டு இடத்தில் அளக்கச் சொன்னது இதற்காகத்தான். 0.02 மி.மீ. வித்தியாசம் இருந்தாலே ஸ்டியரிங்கில் தெரியும். அதை வெர்னியர் காட்டாது, மைக்ரோமீட்டர் வேண்டும்.

அந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். டிஸ்க்கைக் கழற்றி, ஹப்பில் (டிஸ்க்கும் வீலும் மாட்டும் நடுப்பகுதி) அது உட்காரும் முகத்தைப் பாருங்கள். அங்கே துருப் பொருக்கு இருந்தால் டிஸ்க் துளி சாய்ந்து உட்காரும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடம் பேட்டில் லேசாக உரசும். சில ஆயிரம் கி.மீ.யில் அந்த இடம் மட்டும் மெலியும். டிஸ்க்கை மட்டும் சீவி, துரு ஹப்பின் மேலேயே மறுபடி மாட்டினால் கொஞ்ச நாளில் ஆட்டம் திரும்பி வரும். ஹப் முகத்தை ஒயர் பிரஷ்ஷால் சுத்தமாகத் தேயுங்கள். வீல் நட்டை எதிரெதிராக, இரண்டு மூன்று சுற்றில், சமமாக இறுக்குங்கள். காற்றுத் துப்பாக்கியால் ஒரே அடியில் ஒவ்வொன்றாக இறுக்கவிடாதீர்கள். சீவுவதாக இருந்தால், சீவியபின் தடிமன் பொறித்த எண்ணுக்கு மேல் இருக்குமா என்று முதலில் கணக்குப் போடுங்கள். புது டிஸ்க் விலையையும் கேளுங்கள். பல சின்னக் கார்களுக்கு வித்தியாசம் பெரிதாக இல்லை.

தூசியை வாயால் ஊதாதீர்கள், கம்ப்ரஸர் காற்றும் அடிக்காதீர்கள். ஈரத் துணியால் துடையுங்கள். பட்டறைகளில் சின்னப் பையன்கள் முகத்தைக் கிட்டே வைத்து ஊதுவதைப் பார்க்கும்போது எனக்குப் பதறுகிறது.

15 டிசம்பர்

வெள்ளம் வந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. இன்று காலை இரண்டு முன் வீலையும் கழற்றினேன். அண்ணாச்சியும் வந்தார், வயது எழுபத்திரண்டு, மோடாவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்டோபரில் டிஸ்க்கும் பேட்டும் சேர்த்துப் புதிதாகப் போட்டிருந்தேன். போட்டதும் ஐம்பது கி.மீ. வேகத்திலிருந்து பத்துக்கு மெதுவாக இருபது முப்பது தடவை, நடுநடுவே ஆறவிட்டு, பிரேக் பிடித்துப் பதியவைத்தேன். இன்று இடது உள் பேட் 9.4, வெளிப் பேட் 9.4. வலது 9.5, 9.4. இடது பிராக்கெட்டில் கிளிப்பை எடுத்துப் பார்த்தேன், சுத்தம். வலதில் கீழ்ப் பள்ளத்தில் செந்தூள் லேசாகத் தொடங்கியிருக்கிறது, தேய்த்து எடுத்தேன். நான்கு பேட்டும் இரண்டு விரலுக்கு ஓடுகின்றன. மற்ற ஊர்க்காரர்களுக்கு வருடம் ஒருமுறை இதைத் திறந்து பார்த்தால் போதும். கடலோரத்தில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்று வைத்துக்கொள்ளலாம் என்று அண்ணாச்சியும் நானும் பேசிக்கொண்டோம்.

வலது மேல் பின்னின் ரப்பர் பூட்டில் மயிரிழை மாதிரி ஒரு வெடிப்பு. நான் பார்க்கவில்லை, அவர்தான் விரலால் இழுத்துக் காட்டினார். புது பூட் செட் சொல்லியிருக்கிறேன், புதன்கிழமை வருகிறது. அதுவரை இந்தக் காரை எடுக்கவில்லை.